நெருக்கமே தகுதி, நெருக்கமே குற்றம்: புனே ரெசிடென்சியின் உள்ளூர் ஊழியரும் விசுவாசம் பற்றிய ஐயமும்

காலனிய ஆவணங்கள் உள்ளூர் ஊழியர்களைப் பற்றிப் பேசும் இடங்களில் இரண்டு மதிப்பீடுகள் திரும்பத் திரும்ப வருகின்றன: ஒருவர் 'விசுவாசமானவர்', அல்லது 'ஐயத்துக்குரியவர்'. ஒரே மனிதர் சில ஆண்டுகளில் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாற்றப்படுவதும் உண்டு. அவர் மாறினாரா, அவரைப் பார்த்த கண் மாறியதா என்பது ஆய்வாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அக்கேள்வியை 1811 முதல் 1817 வரையிலான புனே ரெசிடென்சியை முன்வைத்து எழுப்பிப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

மும்பையில் வரலாறு பயிலும் நம் தமிழ் மாணவர்களுக்கு இந்தக் கதையின் நிலவியல் அந்நியமானதன்று. பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் தன் சுதந்திரத்தைக் கைவிட்டு ஒப்பமிட்ட வசாய் இன்று மேற்குப் புறநகர்த் தடத்தில் ஒரு ரயில் நிலையம். கதையின் முக்கியமான கைதி அடைபட்டிருந்த தாணே கோட்டை இன்று மத்தியச் சிறைச்சாலை. மாட்டுங்காவிலிருந்து மத்தியத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். இவ்வரலாற்றின் மையத்தில் நிற்கும் ஆங்கிலேயரின் பெயரைத் தாங்கிய எல்பின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்திலேயே மகாராஷ்டிர மாநில ஆவணக் காப்பகம் இயங்குகிறது. இவ்வளவு அருகில் இருந்தும் நாம் அதிகம் பேசாத ஒருவர் இக்கதையில் உண்டு. அவர் பெயர் குர்ஷெட்ஜி ஜம்ஷெட்ஜி மோதி.

ரெசிடென்சி என்றால் என்ன என்பதைச் சுருக்கமாக நினைவூட்டிக்கொள்வோம். இந்திய அரசவைகளில் கிழக்கிந்தியக் கம்பெனி நிலையாக வைத்திருந்த தூதரகமே ரெசிடென்சி. அதன் தலைவர் ரெசிடென்ட். புனேவின் முதல் ரெசிடென்ட் சார்லஸ் மேலட் 1786இல் பொறுப்பேற்றார். முளா, முட்டா ஆறுகள் கூடும் சங்கமத்தில் ரெசிடென்சி அமைந்திருந்தது. தொடக்கத்தில் அது இரு அரசுகளுக்கு இடையிலான தூதரகம்தான். 1802 டிசம்பர் 31 அன்று கையெழுத்தான வசாய் உடன்படிக்கைக்குப் பின் நிலைமை மாறியது. கம்பெனியின் படையைத் தன் நாட்டில் வைத்துக்கொள்ளவும், பிற அரசுகளுடனான உறவில் கம்பெனியின் இசைவைப் பெறவும் பேஷ்வா ஒப்புக்கொண்டார். அதன்பின் ரெசிடென்சி பெயரளவில் தூதரகமாகவும் செயலளவில் கண்காணிப்பு நிலையமாகவும் இயங்கத் தொடங்கியது. அங்கு வேலை செய்த உள்ளூர் மனிதர்கள் மீதான ஐயத்தைப் புரிந்துகொள்ள இந்த இரட்டைத்தன்மை முக்கியமானது.

ரெசிடென்ட் ஒருவர், அவருக்கு உதவியாளராக ஐரோப்பியர் சிலர். மற்றவர் அனைவரும் உள்ளூர்க்காரர்கள். பாரசீக மொழியில் கடிதம் எழுதும் முன்ஷிகள், அரண்மனைச் செய்திகளை எழுதித் தரும் அக்பார் எழுத்தர்கள், ஓலை கொண்டுசெல்லும் ஹர்காராக்கள், மராத்திக் கணக்கைப் படித்துச் சொல்லும் குமாஸ்தாக்கள் என அந்தப் பட்டியல் நீளும். தஞ்சை மராத்தியர் ஆவணங்களோடு பழகியவர்களுக்கு மோடி எழுத்தின் கடினம் தெரியும். அந்த எழுத்தில் எழுதப்பட்ட கணக்கை, ஜாகீர் உரிமையை, கடன் பத்திரத்தைப் படித்து அதன் பொருளையும் சூழலையும் விளக்க உள்ளூர்க்காரர் ஒருவர் இல்லாமல் ரெசிடென்ட்டால் ஒரு நாளும் காலம் தள்ள முடியாது. யார் யாருக்கு உறவு, எந்த அமைச்சருக்கும் எந்தச் சர்தாருக்கும் பகை, பேஷ்வா இன்று எந்த மனநிலையில் இருக்கிறார் என்பதெல்லாம் எந்த ஏட்டிலும் எழுதப்படாத அறிவு. அந்த அறிவு உறவுகளின் வழியாக மட்டுமே கிடைக்கும்.

இவர்கள் அனைவருக்கும் மேலே நின்றவர் 'உள்ளூர் முகவர்'. நம் சென்னை, புதுச்சேரித் துபாஷிகளுக்கு இணையானவர் என்று கொள்ளலாம். ஆனால் இவரது பணி மொழிபெயர்ப்போடு நின்றுவிடவில்லை. ரெசிடென்ட்டின் செய்தியை அரண்மனைக்கும் அரண்மனையின் மறுமொழியை ரெசிடென்ட்டுக்கும் எடுத்துச் சென்றார். எந்தச் செய்தியை எப்போது, எந்தத் தொனியில் சொல்வது என்பதை முடிவு செய்தவரும் பெரும்பாலும் அவரே.

கர்னல் பேரி குளோஸ் புனேவில் ரெசிடென்ட்டாக இருந்த காலத்தில் அந்த இடத்தில் இருந்தவர் குர்ஷெட்ஜி. அவர் பார்சி. அரசவையின் பிராமணக் குடும்ப அரசியலுக்கும் மராத்தா சர்தார்களின் அரசியலுக்கும் வெளியே பிறந்தவர். குளோஸின் முழு நம்பிக்கையைப் பெற்றிருந்தார். காலப்போக்கில் பேஷ்வாவின் நம்பிக்கையையும் பெற்றார். அந்த நெருக்கம் எவ்வளவு என்றால், ரெசிடென்சியின் ஊழியராக இருந்த அவரையே பேஷ்வா தன் கர்நாடகப் பகுதிகளின் சர்சுபேதாராக நியமித்தார். இரு அரசுகளிடமும் ஒரே நேரத்தில் பதவி வகித்த ஒருவர் என்று இதை இன்று வாசிக்கும்போது நமக்கு முரணாகத் தோன்றும். அன்றைய அரசியல் பண்பாட்டில் இது அவ்வளவு விந்தையானதன்று. இருபுறமும் மதிப்புள்ளவரே நல்ல தூதர். ஒருபுறம் மட்டுமே மதிப்புள்ளவர் வெறும் ஓலைக்காரர்.

1811இல் மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் ரெசிடென்ட்டாக வந்தார். புனே அவருக்குப் புதிதன்று. இளம் வயதில் குளோஸின் கீழ் உதவியாளராக அங்கே பணியாற்றியவர். 1803ஆம் ஆண்டுப் போரில் ஆர்தர் வெல்லஸ்லியுடன் களத்தில் இருந்தவர். பாரசீகத்தில் ஆழ்ந்த புலமை கொண்டவர். இடையில் ஒருவர் இல்லாமல் பேஷ்வாவுடன் தாமே நேரடியாகப் பேச வேண்டும் என்று அவர் விரும்பினார். குர்ஷெட்ஜியின் இரட்டைப் பதவி அவர் கண்ணில் உறுத்தியது. பேஷ்வாவின் அமைச்சர் சதாசிவ மாண்கேஷ்வருக்கும் குர்ஷெட்ஜியின் செல்வாக்கு உவப்பாக இல்லை. ரெசிடென்சியின் முகவர் பதவி, பேஷ்வா தந்த சர்சுபேதார் பதவி ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு எல்பின்ஸ்டன் கூறினார். குர்ஷெட்ஜி ரெசிடென்சியைத் தேர்ந்தெடுத்தார். கர்நாடகப் பதவியைத் துறந்தார்.

விசுவாசத்துக்கு வைக்கப்பட்ட தேர்வு என்று இதைக் கொண்டால், அவர் அதில் வெற்றி பெற்றுவிட்டார் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அவருக்குக் கிடைத்தது வெற்றியன்று. பேஷ்வாவின் பதவியைத் துறந்ததால் அரண்மனையில் அவர் அந்நியரானார். ரெசிடென்ட் பேஷ்வாவிடம் நேரடியாகப் பேசத் தொடங்கியதால் ரெசிடென்சியில் அவர் தேவையற்றவரானார். கர்நாடகத்தில் பதவி வகித்த காலத்தில் பணம் பறித்தார் என்று புகார்கள் எழுந்தன. அவர் துறந்த பதவி திரிம்பக்ஜி டேங்ளேயின் கைக்குச் சென்றது. இறுதியில், புனேவை விட்டு வெளியேறிக் குஜராத்தில் சென்று வாழுமாறு குர்ஷெட்ஜிக்கு ஏற்பாடு செய்யப்பட்டது; வாழ்க்கைக்கான ஊதியமும் உறுதி செய்யப்பட்டது. 1815ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், புறப்பட வேண்டிய தறுவாயில், அவர் நஞ்சால் இறந்தார். தாமே அருந்தினாரா, பிறர் கொடுத்தனரா என்பது இன்றளவும் தீராத கேள்வி.

இந்த வரலாற்றை வாசிக்கும்போது நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. குளோஸின் காலத்தில் குர்ஷெட்ஜியின் தகுதியாகக் கருதப்பட்டது எது? அரண்மனையோடு அவருக்கு இருந்த நெருக்கம். எல்பின்ஸ்டன் காலத்தில் அவரது குற்றமாகக் கருதப்பட்டது எது? அதே நெருக்கம். அவரது நடத்தையில் மாற்றமே இல்லை என்று நான் வாதிடவில்லை. பணம் பறித்தார் என்ற புகாரில் உண்மை இருந்திருக்கலாம். ஆனால் அப்புகார்கள் உண்மையா பொய்யா என்பது ஒரு கேள்வி. அவர் ஏன் ஐயத்துக்குரியவரானார் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்கான விடை அவரது குணத்தில் இல்லை, அவர் வகித்த பதவியின் அமைப்பில் இருக்கிறது. உறவுகள் இருப்பதாலேயே ஒருவரைப் பணியில் அமர்த்துவது, பின் உறவுகள் இருப்பதாலேயே அவரை ஐயுறுவது என்பதே அந்த அமைப்பு. அதில் எவர் அமர்ந்தாலும் ஒருநாள் ஐயத்துக்கு ஆளாவது ஏறத்தாழ உறுதி.

நம்பிக்கையும் ஐயமும் ஆட்சியியலின் பழைய சிக்கல்கள் என்பது தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. குறளில் 'தெரிந்துதெளிதல்' என்றே ஓர் அதிகாரம் உண்டு. ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதையும் ஒரே தட்டில் வைத்து இரண்டுமே தீராத் துன்பம் தரும் என்று அது எச்சரிக்கிறது. புனே ரெசிடென்சியில் நிகழ்ந்தது அந்த இரண்டாவது வகை. அதன் விலை என்ன என்பதை அடுத்த இரண்டு ஆண்டுகள் காட்டின.

குர்ஷெட்ஜியை அகற்றியதால் ரெசிடென்ட்டுக்கும் பேஷ்வாவுக்கும் இடையே யாரும் இல்லாமல் போகவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர் திரிம்பக்ஜி. ஒரு காலத்தில் ஜாசூத், அதாவது செய்தி கொண்டு செல்பவராகவும் வேவு பார்ப்பவராகவும் இருந்து, பேஷ்வாவின் தனிப்பட்ட அன்பைப் பெற்று உயர்ந்தவர். ரெசிடென்சியோடு பேசும் பொறுப்பு அவரிடம் வந்தது. இருபுறமும் கால் வைத்திருந்த ஒருவரை ஐயுற்று விலக்கியதன் பயன், பேஷ்வாவின் பக்கம் மட்டுமே நிற்பவரும் கம்பெனியை வெறுத்தவருமான ஒருவரோடு நாள்தோறும் பேச வேண்டி வந்ததுதான்.

குர்ஷெட்ஜியின் வரலாற்றை அருகில் வைத்து ஒப்பிட வேண்டிய இன்னொருவர் கங்காதர சாஸ்திரி பட்வர்தன். இவர் பரோடா ரெசிடென்சியில் உள்ளூர் முகவராகப் பணியாற்றியவர். பின்னர் ரெசிடென்சியின் ஆதரவோடு கெய்க்வாட் அரசின் உயர் பதவிக்கு வந்தார். சமஸ்கிருதம் கற்ற சாஸ்திரி. ஆனால் நடையிலும் பேச்சிலும் ஆங்கிலேயரைப் போலவே நடந்துகொண்டார் என்று எல்பின்ஸ்டனே வியப்போடும் சற்று நகைப்போடும் பதிவு செய்திருக்கிறார். கெய்க்வாட்டுக்கும் பேஷ்வாவுக்கும் இடையிலான பழைய கணக்குகளைத் தீர்க்க 1814இல் கம்பெனியின் பாதுகாப்பு உறுதியோடு அவர் புனேவுக்கு அனுப்பப்பட்டார்.

புனேவில் அவரைக் கம்பெனியின் ஆள் என்றே பார்த்தனர். பின்பு பேஷ்வா அவரைத் தம் பக்கம் ஈர்க்க முயன்றார். பதவி தருவதாகவும், தம் மைத்துனியைச் சாஸ்திரியின் மகனுக்கு மணம் முடிப்பதாகவும் பேச்சு நடந்தது. சாஸ்திரி முதலில் இணங்கிப் பின் விலகினார். அந்த விலகல் பேஷ்வாவுக்கு அவமானமாயிற்று. 1815 ஜூலையில் பண்டரிபுரத்தில், கோயிலுக்குச் சென்று திரும்பும் வழியில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆங்கிலேயரிடம் அளவு கடந்து நெருங்கியவரும் உயிர் பிழைக்கவில்லை. இருபுறமும் நெருங்கியிருந்தவரும் பிழைக்கவில்லை. ஒரே ஆண்டில் இரண்டு ரெசிடென்சிகளின் உள்ளூர் முகவர்களாக இருந்த இருவரும் இயற்கையல்லாத மரணத்தைத் தழுவினர். இதைத் தனிமனிதர்களின் ஊழ் என்று மட்டும் கடந்துவிட இயலாது.

சாஸ்திரி கொலையின் பழி திரிம்பக்ஜி மீது விழுந்தது. எல்பின்ஸ்டனின் நெருக்குதலுக்குப் பணிந்து 1815 செப்டம்பரில் பேஷ்வா அவரை ஒப்படைத்தார். திரிம்பக்ஜி தாணே கோட்டையில் அடைக்கப்பட்டார். இங்கேதான் ஐயத்தின் விலை மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. உள்ளூர்ச் சிப்பாய்களை நம்ப முடியாது, அவர்களை வாங்கிவிடலாம் என்று கருதியதால் திரிம்பக்ஜியின் காவலுக்கு ஐரோப்பிய வீரர்கள் மட்டுமே நிறுத்தப்பட்டனர். கோட்டையிலிருந்த அதிகாரி ஒருவரிடம் மராத்தியர் ஒருவர் குதிரைக்காரராக வேலை செய்தார். குதிரையை நடத்திச் செல்லும்போதும் நீர் காட்டித் திரும்பும்போதும் கைதியின் சன்னலுக்குக் கீழே மராத்தியில் பாடிக்கொண்டே செல்வார். தப்பிப்பதற்கான செய்தி அந்தப் பாட்டில் இருந்தது. காவலர் எவருக்கும் மராத்தி தெரியாது; அவர்கள் காதில் அது வெறும் பாட்டாக மட்டுமே விழுந்தது. 1816 செப்டம்பரில் திரிம்பக்ஜி தப்பினார். மீண்டும் பிடிபட்டுச் சுனார் கோட்டையில் அவர் அடைபட்டிருந்த காலத்தில் அங்கு சென்ற பிஷப் ஹீபரும் இந்தப் பாட்டுக் கதையைத் தம் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் ஒரு வீரசாகசக் கதையாகவே சொல்லப்படுகிறது. நம் கேள்வியோடு சேர்த்து வாசித்தால் அதன் பொருள் வேறு. காவலில் மராத்தி அறிந்த ஒரு சிப்பாய் நின்றிருந்தால் அவர் விலைபோயிருக்கலாம். விலைபோகாமல் பாட்டின் பொருளை அதிகாரியிடம் சொல்லியும் இருக்கலாம். முதல் வாய்ப்புக்கு அஞ்சி இரண்டாவதையும் இழந்தது கம்பெனி. உள்ளூர்க்காரரை முழுவதுமாக விலக்கவும் இயலவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். காவலுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கும் குதிரையைப் பார்த்துக்கொள்ள அவர் தேவைப்பட்டார். ஐயம் பதவிகளின் மீதுதான் படர்ந்தது. குதிரைக்காரர் ஐயுறத்தக்க அளவுக்குக்கூட அவர்கள் கண்ணில் பெரியவராகத் தெரியவில்லை.

1817இல் நிலைமை முற்றியது. ஜூன் மாதப் புனே உடன்படிக்கை பேஷ்வாவின் மேல் கடுமையான நிபந்தனைகளைச் சுமத்தியது. அக்டோபரில் கம்பெனியின் சிப்பாய்களைத் தம் பக்கம் இழுக்கப் பேஷ்வாவின் ஆட்கள் பணத்தோடு முயன்றனர். மும்பையிலிருந்து ஐரோப்பியப் படைப்பிரிவு விரைந்து வரவழைக்கப்பட்டது. நவம்பர் 5 அன்று கட்கியில் போர் நடந்தது. அன்று கம்பெனியின் பக்கம் நின்ற படையில் பெரும்பான்மையினர் இந்தியச் சிப்பாய்களே. அஞ்சியதுபோல் அவர்கள் பெருவாரியாகக் கட்சி மாறவில்லை. அன்றே சங்கமத்தில் இருந்த ரெசிடென்சி தீக்கிரையானது. எல்பின்ஸ்டனின் நூல்களும் கையெழுத்துத் தாள்களும் அதில் அழிந்தன.

நவம்பர் 17 அன்று சனிவார் வாடாவின் மீது பிரிட்டிஷ் கொடி ஏறியது. அதை ஏற்றியவர் என்று மராத்திய நினைவில் நிலைத்துவிட்ட பெயர் பாலாஜி பந்த் நாத்து. எல்பின்ஸ்டனுக்குச் செய்தி திரட்டித் தந்தவர்களில் அவர் முதன்மையானவர். ரெசிடென்சியின் கண்ணில் அவர் விசுவாசத்தின் உருவம். மராத்தி மக்களின் பேச்சில் இன்றும் துரோகத்தின் மறுபெயர். ரெசிடென்சி அவரை ஐயுறவில்லை. அதனாலேயே ஊர் அவரை என்றென்றைக்குமாக ஐயுற்றது. குர்ஷெட்ஜி, சாஸ்திரி, நாத்து ஆகிய மூவரையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்தப் பதவியில் இருந்தவர்களுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் பழியற்ற வழி இருக்கவில்லை என்பது புலப்படும்.

'விசுவாசம்' என்ற சொல்லை எடுத்தாளும்போது 'யாருக்கு' என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கட்கிப் போருக்கு இரண்டு மாதங்களுக்குள், 1818 ஜனவரி 1 அன்று, கோரேகாவில் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் மகார் வீரர்கள் பலர் இருந்தனர். பேஷ்வாவின் ஆட்சியில் தீண்டாமைக் கொடுமையை அனுபவித்த மக்கள் அந்த ஆட்சிக்கு என்ன கடன்பட்டிருந்தனர்? 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் கோரேகாவ் நினைவுத் தூணுக்குச் சென்றபோது எழுந்த கேள்வியின் சாரம் இதுதான். உள்ளூர்க்காரர் அனைவருக்கும் உள்ளூர் அரசின் மீது இயல்பாகவே பற்று இருக்கும், அந்நியருக்குப் பணிபுரிவது அப்பற்றைத் துறப்பதே என்ற முன்முடிவில் ரெசிடென்ட்டும் பிற்காலத் தேசியவாத வரலாற்றாசிரியரும் வியப்பூட்டும் வகையில் ஒன்றுபடுகின்றனர். சாதியும் சமயமும் பிழைப்பும் வேறுபட்ட மக்களுக்கு அது பொருந்தாது. பார்சியான குர்ஷெட்ஜிக்குப் பேஷ்வா எந்த வகையில் 'தம்மவர்', கம்பெனி எந்த வகையில் 'பிறர்' என்பதற்கு எளிய விடை இல்லை.

இது புனேவுக்கு மட்டும் உரிய கதை அன்று. பாரசீக வளைகுடாவில் புஷைரைத் தலைமையிடமாகக் கொண்ட பிரிட்டிஷ் ரெசிடென்சி 1873 வரை மும்பை அரசாங்கத்தின் கீழ் இருந்தது. பஹ்ரைன், சார்ஜா போன்ற துறைமுகங்களில் அந்த ரெசிடென்சியின் வேலையைச் செய்தவர்கள் 'உள்ளூர் முகவர்கள்' என்று அழைக்கப்பட்ட வணிகர்கள். வணிகர்களாக இருந்ததாலேயே அவர்களுக்கு ஆட்சியாளர்களோடு பழக்கம் இருந்தது, செய்தியும் கிடைத்தது. கம்பெனியும் பின்னர் பிரிட்டிஷ் அரசும் தந்த சம்பளம் சிறியது. அவர்களின் வணிகமே மீதியை ஈடு செய்யும் என்பது கணக்கு. ஆனால் பிற்காலத்தில் அவர்கள் மீது எழுந்த புகார், அவர்கள் தம் வணிக நலனுக்காகப் பதவியைப் பயன்படுத்துகிறார்கள் என்பதே. 1900இல் பஹ்ரைனில் உள்ளூர் முகவருக்குப் பதிலாக பிரிட்டிஷ் அரசு தன் அதிகாரியை நியமித்தது. குர்ஷெட்ஜியின் கதையில் கண்ட அதே தருக்கம் எண்பது ஆண்டுகள் கழித்து அரபிக்கடலின் மறுகரையில் இயங்குவதைக் காண்கிறோம்.

தமிழ்நாட்டுச் சான்றுகளையும் இங்கே நினைக்கலாம். சென்னையில் துபாஷி அவதானம் பாப்பையா, கம்பெனி அதிகாரி டேவிட் ஹாலிபர்ட்டனைக் கவிழ்க்கச் சதி செய்ததாக 1792இல் வழக்கு விசாரணைக்கு ஆளாகித் தண்டிக்கப்பட்டார். துபாஷி என்ற சொல்லுக்கே ஒரு கறை படிந்ததில் அத்தகைய வழக்குகளுக்குப் பங்கு உண்டு. மறுபுறம், புதுச்சேரியில் டியூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலத்துக்கு நாட்குறிப்பு எழுதி வைத்தார். அதனால் இடையில் நின்றவரின் அச்சத்தை, கணக்கை, போட்டியாளர் மீதான எரிச்சலை, எசமானின் மனமாற்றத்தை அவர் கவனித்த விதத்தை நாம் அவர் சொல்லாலேயே அறிகிறோம். பிள்ளையை யார் ஐயுற்றார்கள் என்பதோடு, பிள்ளை யாரையெல்லாம் ஐயுற்றார் என்பதும் நமக்குத் தெரியும். ஐயம் இருதிசையிலும் ஓடும் என்பதை அந்த நாட்குறிப்பு போல் காட்டும் சான்று அரிது.

குர்ஷெட்ஜிக்கு அப்படி ஒரு நாட்குறிப்பு நம் கையில் இல்லை. அவரைப் பற்றி நாம் அறிவது பெரிதும் அவரை ஐயுற்ற அலுவலகத்தின் ஏடுகள் வழியாகவே. மராத்தியர் வரலாற்றை 1826இல் வெளியிட்ட கிராண்ட் டஃப், எல்பின்ஸ்டனின் கீழ் பணியாற்றிச் சாத்தாராவில் அரசியல் முகவராக இருந்தவர். அதாவது, வரலாற்றாசிரியரும் அதே அலுவலக மரபைச் சேர்ந்தவர். அவரது நூல் பயனற்றது என்பது என் வாதமன்று; தாணே கோட்டையின் குதிரைக்காரரை நமக்குத் தந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் ஒருவரின் விசுவாசத்தைப் பற்றி அந்த மரபு தரும் தீர்ப்பைச் சான்றாகக் கொள்வதற்கு முன், அது தீர்ப்பு என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இத்துறையில் நுழையும் மாணவர்களுக்கு நடைமுறையில் மூன்று பரிந்துரைகள். முதலாவது, 1936 முதல் மும்பை அரசு ஜதுநாத் சர்க்கார், சர்தேசாய் ஆகியோரின் பதிப்பில் வெளியிட்ட புனே ரெசிடென்சிக் கடிதத் தொகுதிகளைப் படிக்கும்போது, உள்ளூர் ஊழியரைப் பற்றிய ஒவ்வொரு மதிப்பீட்டின் அருகிலும் தேதியையும் எழுதியவரின் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய ரெசிடென்ட் பொறுப்பேற்ற மாதங்களில் ஐயச் சொற்கள் கூடுகின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது, சர்தேசாய் 45 தொகுதிகளாகப் பதிப்பித்த பேஷ்வா தப்தர் தேர்வுகளில் அதே மனிதர்கள் எந்தப் பெயரில், எந்த அடைமொழியோடு வருகின்றனர் என்று தேடுங்கள். மராத்தி கற்காமல் இந்த ஆய்வைச் செய்ய இயலாது. மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழ் மாணவர்களுக்குத் தமிழ், மராத்தி, ஆங்கிலம் மூன்றும் இயல்பாகவே வாய்த்திருக்கின்றன. தாராவியிலோ செம்பூரிலோ தம் தாய்தந்தையருக்காக ரேஷன் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் மொழிபெயர்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இடையில் நிற்பவரின் நிலை நூலறிவு மட்டுமன்று. அதை ஆய்வுக்கான வலிமையாகக் கொள்ளலாம். மூன்றாவது, குற்றச்சாட்டையும் ஐயத்தையும் தனித்தனியே பிரித்து எழுதுங்கள். பணம் பறித்தார் என்பது சரிபார்க்கத்தக்க கூற்று. விசுவாசமற்றவர் என்பது சரிபார்க்க இயலாத கூற்று. அதைச் சொன்னவரின் தேவையைத்தான் அது முதலில் தெரிவிக்கிறது.

குர்ஷெட்ஜி குற்றமற்றவர் என்று நிறுவுவதற்காக இதை எழுதவில்லை. அதற்கான சான்று நம்மிடம் இல்லை. அவரைத் துரோகி என்றோ தியாகி என்றோ அழைப்பதற்கும் சான்று இல்லை. நம்மிடம் உள்ள சான்றுகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றன: இரண்டு அதிகாரங்களுக்கு நடுவே அவர் கட்டியிருந்த உறவுகளே அவரை உயர்த்தின, ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன நாளில் அவ்வுறவுகள் அறுந்தன, அதன்பின் இரு பக்கமும் அவரைக் காக்கவில்லை. அவரை இழந்த அலுவலகமோ, தாணேயில் சன்னலுக்குக் கீழே ஒலித்த பாட்டின் பொருளைச் சொல்ல ஆளில்லாமல் நின்றது.

பார்சி சமூகத்தின் குஜராத்திப் பதிவுகளிலோ புனேவின் குடும்பத் தப்தர்களிலோ குர்ஷெட்ஜியின் கைப்படக் கடிதம் எதையும் கண்ட நண்பர்கள் இருந்தால் இங்கே தெரிவிக்க வேண்டுகிறேன். அவர் குரலில் ஒரு பக்கம் கிடைத்தாலும், அது நாம் இதுவரை எழுதியவற்றைத் திருத்தி எழுதவேண்டிய கடமையை நமக்குத் தரும்.